கொம்பும் காலும்

"போதும்மா" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

நங்கென்று அவர் உச்சந்தலையில் ஒரு குட்டு விழுந்தது.

மனிதர் தலையைத் தேய்த்துக்கொண்டே பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அவர் மனைவி அதைக் கைபேசியில் படம் பிடித்தாள்.

நான் என் உச்சந்தலையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

குட்டிய அம்மாள்தான் கடைக்காரி. ஒரு கையில் சோற்றுக் கரண்டி, இன்னொரு கையில் சுண்டைக்காய் அளவுக்குக் கல் வைத்த மோதிரம். வெளியே படகுத்துறை வரைக்கும் வரிசை நிற்கிறது. சாப்பிட நிற்கிறார்களா, குட்டு வாங்க நிற்கிறார்களா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

எல்லாம் என்னால் வந்த வினை.

வாரப் பத்திரிகை ஒன்றில் 'ஊர்சுற்றி' என்ற பெயரில் பயணக் கட்டுரை எழுதுபவன் நான். நான் சுற்றியதெல்லாம் எங்கள் வீட்டுக்கும் தெருமுனைக்கும் நடுவில்தான். இந்தத் தீவில் எங்கே நன்றாகச் சாப்பிடலாம் என்பதையும் ஒரு படகுக்காரரிடம் போனில் கேட்டுத்தான் எழுதினேன்.

இந்தக் கடையைப் பற்றிக் கடைசியாக ஒரு வரி: 'போதும் என்று சொல்லிப் பாருங்கள், அந்த அம்மாள் பாசத்தோடு கொட்டுவார்.'

அச்சில் வந்தது: 'பாசத்தோடு குட்டுவார்.'

அச்சுப்பிசாசின் வேலை என்று மனைவியிடம் சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை. அது போகட்டும். ஊர்சுற்றி நான்தான் என்று அவளுடைய அப்பாவுக்குத் தெரியாமல் இருந்தால் போதும்.

அந்த அப்பா இப்போது என் எதிரில், அவள் பக்கத்தில் உட்கார்ந்து மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கிக்கொண்டிருக்கிறார்.

முப்பத்தோரு வருடம் நாளிதழில் பிழை திருத்தியவர். சட்டைப் பையில் எப்போதும் சிவப்புப் பேனா. உட்கார்ந்த சூட்டோடு இந்தக் கடை விலைப்பட்டியலில் நாலு ஒற்றெழுத்தைச் சேர்த்துவிட்டார்.

'உங்கள் பெண்ணைக் குடுங்கள்' என்று நான் எழுதிய கடிதத்திலும் வட்டம் போட்டவர் இவர்தான். கடிதத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, 'கொடுங்கள்' என்று புதிதாக எழுதி வரச்சொல்லி, அதற்குப் பிறகுதான் பெண்ணைக் கொடுத்தார்.

"ஊர்சுற்றின்னு ஒருத்தன் தமிழைக் கொலை பண்றான்" என்று வாராவாரம் பொரிந்து தள்ளுவார். நானும் மனைவியும் சுவரைப் பார்ப்போம்.

திடீரென்று போன வாரம், தீவுக்குப் போகலாம் என்று அவரே கிளம்பினார்.

கடைக்காரி கரண்டியோடு எங்கள் மேசைக்கு வந்தாள்.

"எப்பலேருந்தும்மா இந்தக் குட்டு?" என்று கேட்டார் மாமா.

"அதை ஏன் கேக்கறீங்க! எவனோ எழுதிட்டானாம். வர்றவங்க எல்லாம் போதும்னு சொல்லிட்டுத் தலையை நீட்டினாங்க. நானும் எத்தனை நாளைக்குப் பொறுக்கறது? குட்டிட்டேன். எழுதின புண்ணியவான் மட்டும் கையில கெடைக்கட்டும்..."

மோதிரத்தை முந்தானையில் துடைத்தாள்.

மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து மேசையில் விரித்தார். 'குட்டுவார்' என்பதைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

"ஒரு கொம்பையும் ஒரு காலையும் முழுங்கிட்டான்மா" என்றார்.

பிறகு இன்னொரு காகிதத்தை எடுத்தார். மடித்து மடித்துப் பழுத்துப்போன காகிதம். அதைப் பத்திரிகைத் துண்டுக்குப் பக்கத்தில், என் தட்டை ஒட்டி வைத்தார்.

'உங்கள் பெண்ணைக் குடுங்கள்.' அதே கொம்பு, அதே கால். அதே சிவப்பு வட்டம்.

என் மனைவி முகத்தைத் தண்ணீர் டம்ளருக்குள் புதைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

மாமா என்னைப் பார்க்கவே இல்லை. கடைக்காரியிடம், "மாப்பிள்ளைக்குப் போடுங்க" என்றார்.

அவள் போட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. மறுபடி போட்டாள். சோறு என் மூக்கு உயரத்துக்கு வந்துவிட்டது. இடுப்பு வாரை இரண்டு ஓட்டை தளர்த்தினேன். செத்தாலும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

"இன்னும் கொஞ்சம் குடுங்கம்மா" என்றேன்.

மாமா சிவப்புப் பேனாவை மேசையில் வைத்தார். அந்த அம்மாளின் மோதிரத்தைப் பார்த்தார்.

"போதும்மா" என்றார், எனக்காக.