ஒயரில் இருந்த உருண்டை

“பாய், அவரு ஆறு மணிக்கு ஊட்டுக்கு வந்துடுவாரு. அதுக்குள்ள பத்த வெச்சுக் குடுத்துடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!”

கரையான்சாவடியில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் பார்க்கும் நஜீரின் மேஜையில் கறுப்பு ஒயரைப் போட்டாள் புஷ்பா. அது இரண்டு துண்டாகக் கிடந்தது. அவள் இடுப்பிலிருந்த பெண் குழந்தை கொட்டாவி விட்டது.

“இன்னா ஒயரும்மா இது?”

“மடியில வெச்சிக்கிற கம்ப்யூட்டரு இல்ல பாய், அதுக்குச் சார்ஜ் ஏத்துறது. அம்பத்தூர் எஸ்டேட்ல அவரு கம்பெனில குடுத்தாங்க. நாளைக்கு மொதலாளிக்கு அதுல கணக்குப் போட்டுக் காட்டுனாத்தான் சூப்பர்வைசர் வேலையாம். இது அறுந்தது தெரிஞ்சா, என்னை எங்கம்மா ஊட்டுக்கே பஸ் ஏத்தி வுட்டுருவாரு!”

நஜீர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நுனிகளைப் பார்த்தார்.

“எப்படி அறுந்துது?”

“எ... எலி பாய்.”

“நடுவுல ஒரு உருண்டை இருந்திருக்கணுமே, எங்க?”

“அதையும் எலிதான்...”

“தூக்கிக்கினு பூடுச்சா? கெட்டிக்கார எலிம்மா! ரேஷன் கார்டுல பேரு சேத்துடு.”

புஷ்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் கலங்கியது. புருஷன் பொண்டாட்டி சண்டையில் பிய்த்திருப்பார்கள், நமக்கெதற்கு ஊர்வம்பு என்று நஜீர் வேலையைப் பார்த்தார். பழைய மானிட்டர் ஒயரிலிருந்து ஓர் உருண்டையைக் கழற்றி வைத்தார். ஒயரின் இரண்டு முனையையும் ஈயத்தால் பற்றவைத்து, டேப்பும் சுற்றி முடித்தார். பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டார்.

“அட அல்லா! உருண்டையக் கோக்காமலே பத்த வெச்சுட்டேனே!”

மறுபடி எல்லாவற்றையும் பிரித்தார். புஷ்பா கடிகாரத்தைப் பார்த்துத் தவித்தாள்.

“அது இல்லாம ஓடாதா பாய்?”

“ஓடும். ஆனா வெளில சுத்திகினு கீற வேண்டாததெல்லாம் ஒயர் வழியா உள்ள பூந்துடும். இது கிட்ட அண்டவுடாது.”

“நெசமாவா? நல்லாத் தடுக்குமா?”

“கம்பெனிக்காரன் சும்மாவா மாட்டியிருக்கான்? நம்பும்மா.”

புஷ்பாவின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. அதற்குள் வேலையும் முடிந்தது. மீட்டரை வைத்ததும் ‘பீப்’ என்றது. “ஆறுக்கு இன்னும் நேரம் கீது, ஓடு!” என்றார் நஜீர்.

“நல்லா இருப்பீங்க பாய்!” ஒயரைப் பையில் போட்டு, குழந்தையைத் தோளுக்கு ஏற்றினாள். கவுன் மேலே ஏறியது.

குழந்தையின் அரைஞாண் கயிற்றில், வெள்ளிக் காசுக்குப் பக்கத்தில், அந்தக் கறுப்பு உருண்டை தொங்கியது.

நஜீரின் வாய் பிளந்தது. புஷ்பா வெட்கத்தோடு கவுனை இழுத்துவிட்டாள்.

“லட்ச ரூபா மிஷினுக்கே தாயத்து கட்டி வெச்சிகிறாங்களே, எம்மாம் பவரு இருக்கும்! கழட்ட வரல பாய், அதான் அறுத்துட்டேன்... இப்ப நீங்களே சொல்லிட்டீங்க, கெட்டது எதுவும் என் புள்ள கிட்ட அண்டாதுன்னு!”