கரை சேர்ந்த படகு

"உங்கப்பா தூங்கிட்டாருடி" என்றாள் அம்மா, கதவைத் திறந்ததும்.

செருப்பைக் கழற்றக் குனிந்தவள் அப்படியே நின்றாள். செய்தி முடிந்த கையோடு அப்பா தூங்கி அவள் பார்த்ததே இல்லை.

"அதிசயமா இருக்கு. பூட்டை இழுத்துப் பாக்கல. கேஸை மூடினியான்னு என் உயிரை எடுக்கல. அப்படி என்னத்தடி சொன்ன இன்னிக்கு?"

அம்மா இதையெல்லாம் கிசுகிசுப்பாகத்தான் கேட்டாள். காது கேளாத மனிதர் தூங்கும்போது எதற்குக் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று இத்தனை வருடத்தில் அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"ஒண்ணும் சொல்லலம்மா."

பைக்குள் கைபேசி அதிர்ந்தது. பேருந்தில் ஏறியதிலிருந்து அதிர்ந்துகொண்டேதான் இருக்கிறது. செய்திப் பிரிவின் தலைவர். அவள் எடுக்கவில்லை.

மாலைச் செய்தியின்போது திரையின் மூலையில் ஒரு சின்ன வட்டம் வரும். அதற்குள் நின்றுகொண்டு, வாசிக்கிற செய்தியைக் காது கேளாதவர்களுக்குச் சைகையில் சொல்வது அவள் வேலை. அப்பாவோடு பேசிப் பேசி வந்த மொழி. அதுவே சோறு போடும் என்று வீட்டில் யாரும் நினைத்திருக்கவில்லை.

வாசிப்பவர் உதட்டளவில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். இவளால் முடியாது. தீ என்றால் இவள் விரல்கள் எரிய வேண்டும். வெள்ளம் என்றால் இவள் கழுத்துவரை ஏற வேண்டும். முகமும் சேர்ந்து பயந்தால்தான் அது பயம்.

வீடு திரும்பும்போது தோளிலிருந்து விரல் நுனிவரை அடித்துப் போட்டது போலிருக்கும்.

இங்கே அப்பா, அவள் காட்டிய தீயையும் வெள்ளத்தையும் வீட்டுக்குள் தேடிக்கொண்டிருப்பார். எங்கோ கட்டடம் சரிந்தால் நம் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். எங்கோ பாலம் இடிந்தால், அவள் பேருந்து வரும் பாலத்தை நினைத்துத் தெருமுனையில் போய் நிற்பார். நெஞ்சு அடித்துக்கொள்ளும். தட்டில் போட்ட சோறு காய்ந்து கிடக்கும்.

செய்தி பார்ப்பதை நிறுத்துங்கள் என்று மருத்துவர் சொன்னதை அவள்தான் அப்பாவுக்குச் சைகையில் சொன்னாள்.

அப்பாவின் கைகள் திருப்பிக் கேட்டன. என் மகள் வருகிற நேரத்தில் டிவியை அணைக்கச் சொல்கிறாரா?

அதை அவள் மருத்துவரிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, திரையின் அடியில் ஓடும் எழுத்துகள் தெரியாதபடி ஒரு பழுப்புத் தாளை ஒட்டினாள். அச்சகத்தில் பிழை திருத்தியே ஓய்வு பெற்றவர் அப்பா. எழுத்து ஓடினால் கண்ணும் தானாகப் பின்னால் ஓடும். எழுத்து போனால் பாதிப் பயம் போகும் என்று நினைத்தாள்.

மீதிப் பாதி அவள்தானே.

இன்றைக்குப் படகு.

உல்லாசப் பயணம் போன பள்ளிக்கூடப் பிள்ளைகள். வாசிப்பவர் எண்ணிக்கையைச் சொன்னார். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குவித்தால் படகு. புரட்டினால் கவிழ்ந்தது. அவ்வளவுதான் வேலை.

அவள் குவித்தாள்.

கை புரளவில்லை.

கண் கூசும் விளக்குகளுக்கு அந்தப் பக்கம், வீட்டில் டிவி முன்னால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் மட்டும் தெரிந்தார்.

அவள் படகை மெதுவாக நெஞ்சோரம் கொண்டுவந்தாள். பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கிவிட்டாள். எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்றாள். முகத்தில் ஒரு சிரிப்பைக்கூட வரவழைத்துக்கொண்டாள்.

ஊரே அழுத நேரத்தில், அந்தச் சின்ன வட்டத்துக்குள் மட்டும் படகு கரை சேர்ந்தது.

நாளைக்கு வேலை இருக்காது. அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களில் காது கேளாதவர் ஒருவர் இருந்திருந்தால்? இந்த நினைப்பு பேருந்திலேயே ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. இன்னும் இறங்கவில்லை.

ஆனாலும் அப்பா தூங்குகிறார். ஒரு சாயங்காலமாவது.

"போர்வையைப் போத்திவிடு. பாத்துடி, தூக்கத்துல பேச ஆரம்பிச்சார்னா மூக்குல குத்து விழும்."

அம்மாவுக்கு விழுந்த குத்துகள் கொஞ்சமா? அப்பா கனவிலும் கையால்தான் பேசுவார். கண் அசந்தால் போதும், விரல்கள் ஓயாமல் முணுமுணுக்கும். கல்யாணமான நாளிலிருந்து அம்மா நடுவில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டுதான் படுக்கிறாள்.

அவள் போர்வையோடு உள்ளே போனாள். அப்பா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். டிவி அணைந்திருந்தது.

திரையின் அடியில் அந்தப் பழுப்புத் தாள் கோணலாக இருந்தது.

கிட்டே போய்ப் பார்த்தாள். ஒரு பக்கத்து டேப் சுருங்கி, விரல் ரேகை பதிந்து, பசை போய்த் தொங்கியது. உரித்துவிட்டு, அவசர அவசரமாகத் திரும்ப ஒட்டியது போல.

செய்தி நேரத்தில் அம்மா அடுப்படியை விட்டு வரமாட்டாள்.

அவள் மெல்லத் திரும்பி அப்பாவின் மடியைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கைகளும் சேர்ந்து குவிந்திருந்தன. ஒரு விரல்கூட முணுமுணுக்கவில்லை.

அந்தக் கைகள் கவிழ்ந்துவிடாதபடி போர்வையை மெதுவாகப் போர்த்தினாள்.

"நல்லாத் தூங்குறாராடி?" என்று வாசற்படியிலிருந்து அம்மா கிசுகிசுத்தாள்.

"நல்லாத் தூங்குறாரும்மா" என்று அவளும் கிசுகிசுத்தாள்.