மேல்கம்பி

வெள்ளவத்தையில் ஏறிய கூட்டத்துடன் பஸ் காலி வீதியில் குலுங்கிப் போகிறது. சந்துகளுக்கிடையே கடல் மின்னி மின்னி மறைகிறது. பிசியோதெரபிஸ்ட் சுதர்சினியின் கண்ணோ பக்கத்தில் நிற்கும் கொன்ஸ்ரன்ஸின் வலது தோளிலேயே நிற்கிறது. போன வருசம் இப்படியொரு பஸ் பிரேக் போட்டபோது விழுந்து முறிந்த தோள் அது. சுவரில் விரல்களை மெல்ல மேலேற்றுவது, வீடு கூட்டும் தும்புத்தடியை இரு கையாலும் தூக்குவது என்று சுதர்சினி வகுத்துக் கொடுத்த பயிற்சிகளில் கடைசி இதுதான்: ஓடும் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்பது. "பயமாக் கிடக்கு, மிஸ்." "முழங்கைய நீட்டுங்கோ. தோளைக் காதுக்குக் கிட்டக் கொண்டு போகாதேங்கோ." கை மெதுவாக உயர்கிறது. வளையல் மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கம் வழுகுகிறது. விரல்கள் கம்பியை இறுக்கிக்கொள்கின்றன. முன்னால் போகச் சொல்லிக் கண்டக்டர் சிங்களத்தில் கத்துகிறார். அந்த நொடியில் பஸ் சடாரென்று பிரேக் போடுகிறது. கூட்டமே முன்னால் சாய்கிறது. கொன்ஸ்ரன்ஸ் நின்ற இடத்திலேயே நிற்கிறாள். பக்கத்து சீட்டிலிருந்தவர் பதறி எழும்புகிறார். "அக்கா, நீங்க இருங்கோ." "தேவையில்ல தம்பி!" பஸ் முழுக்கக் கேட்கிறது அவள் குரல். "நான் நிண்டே வாறன்." எதையும் பிடிக்காமல் நின்று தடுமாறிய சுதர்சினிதான் அந்த சீட்டில் பொத்தென்று உட்காருகிறாள்.