ஓரத்துச் சைக்கிள்

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சைக்கிள்களை நெருக்கமாக வரிசைகட்டி நிறுத்தியிருந்தார்கள். வரிசையின் ஓரத்தில் பால்காரருடைய பழைய சைக்கிள். இருபது வருஷமாக இரண்டு பக்கமும் பால் கேன் சுமந்ததில் அதன் ஸ்டாண்டு வளைந்துபோயிருந்தது.

"கால் நிக்க மாட்டேங்குது. உன்மேல கொஞ்சம் சாஞ்சுக்கட்டுமா?" என்று பக்கத்திலிருந்த சிவப்புச் சைக்கிளிடம் கேட்டது.

"என்னை வாங்கி ஒரு வாரந்தான் ஆச்சு. பெயின்ட் உரசிடும். நேரா நில்லுங்க பெரியவரே," என்றது சிவப்பு.

பழசு நேராக நின்றது. முடிந்தவரைக்கும் நின்றது. எக்ஸ்பிரஸ் ஒன்று நிற்காமல் கடந்தபோது தரை அதிர்ந்தது. பழசு தள்ளாடி, சிவப்பின் மேலேயே விழுந்தது. சிவப்பு நீலத்தின் மேல் விழ, நீலம் அடுத்ததன் மேல் விழ, முப்பது சைக்கிளும் சரிந்தன.

"நான் விழல, என்னைத் தள்ளிவிட்டுட்டாங்க!" என்று மற்ற ஒவ்வொன்றும் கத்தியது.

சைக்கிள் நிறுத்தத்தில் டோக்கன் கொடுப்பவர் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்தினார். பழசின் ஸ்டாண்டு உடைந்து கையோடு வந்துவிட்டது. சாயங்காலம் பால்காரர் வந்து பார்த்துவிட்டு, அதைப் பழைய இரும்புக் கடைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

மறுநாள் காலையில் நீலச் சைக்கிள் கேட்டது: "ஏன்டா இப்படி ஆடுறே? நேத்து விழுந்ததுல ஸ்டாண்டு வளைஞ்சிருச்சா?"

சிவப்பு, காலியாகக் கிடந்த ஓரத்து இடத்தைப் பார்த்தது.

"அதெல்லாம் இல்ல. காத்து அடிக்குது," என்றது.

அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை.