நடுக்கமில்லாத கை

“அந்த மாஸ்க்கைக் கொஞ்சம் கழட்டிட்டு, எல்லாரும் ஒரு சின்னப் புன்னகை பண்ணுங்க பார்ப்போம்!”

திரையில் வழிகாட்டி மேடம் கொஞ்சினாள். சிஸ்டர் கழற்றவில்லை. தொற்று வார்டுக்குள் நின்றுகொண்டு மாஸ்க்கைக் கழற்றிப் பல்லைக் காட்ட அவளுக்கென்ன தலையெழுத்தா?

குளுக்கோஸ் பாட்டிலில் சாய்த்து வைத்த போனில் அவள் முகம் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் வகுப்புக்கு வராத கணக்கு. ஊழியர் மனநலத்துக்கான ஆன்லைன் கலை வகுப்பாம். மனநலத்தைக் கட்டாயமாக்கிய மகராசன் எவனோ, ஏசி அறையில் நன்றாக இருக்கட்டும்.

ஆளுக்கொரு பொட்டலம் வேறு வந்திருந்தது. ஒரு டப்பா கிரேயான், ஒரே ஒரு தடித்த வெள்ளைத் தாள். கையுறை கேட்டு எழுதி மாதக்கணக்காகிறது, வந்தபாடில்லை. கிரேயான் மட்டும் சொன்ன தேதிக்கு வந்து இறங்கிவிட்டது.

பக்கத்துக் கட்டிலில் இருக்கும் அம்மாள் நேற்றிலிருந்து கண் திறக்கவில்லை. இனித் திறக்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லியாயிற்று. கதவுக்கு வெளியே பெஞ்சில் அவள் கணவர். ஒரே ஒரு தடவை அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டால் போதும் என்று காலையிலிருந்து கெஞ்சிக்கொண்டிருக்கிறார். உள்ளே விட வழியில்லை. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டிய பாவம் சிஸ்டர் தலையில்தான் விழுந்தது.

“தாள் மேல கையை வைங்க தேவதைகளே. சுத்தி வரைங்க. உங்க கை உங்ககிட்ட என்ன சொல்லுது?”

கழுவு என்றது. வேலைக்கு வந்த நாளிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சிஸ்டர் தாளைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு நீலக் கிரேயானை எடுத்து, கட்டைவிரலில் தொடங்கி நிதானமாக வரைந்தாள்.

எல்லோரும் தாளைத் தூக்கிக் காட்டினார்கள். மேடம் சிஸ்டருடையதைப் பார்த்து உருகிப்போனாள்.

“எவ்வளவு அமைதியான கை! துளி நடுக்கம் இல்ல. கட்டைவிரலுக்குக் கீழே இந்த மேடு, மொட்டுதானே? உங்களுக்குள்ள ஏதோ பூக்கத் துடிக்குது!”

யார் காதில் பூச்சுற்றுகிறோம் என்ற விவஸ்தைகூடவா இருக்காது? சிஸ்டர் தலையை ஆட்டிவைத்தாள். மேடம் தனக்குத் தானே கைதட்டி வகுப்பை முடித்தாள்.

தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு பக்கமும் ஸ்பிரிட்டால் துடைத்து, கையைக் கழுவிக்கொண்டு, சிஸ்டர் வெளியே போய் பெஞ்சில் இருந்தவரிடம் நீட்டினாள்.

அவர் அதை வாங்கி மடியில் வைத்து, அதன்மேல் தன் கையை விரித்தார். விரலுக்கு விரல் பொருத்திப் பார்த்தார். கோட்டைத் தடவிக்கொண்டே வந்தவர், அந்த மேட்டில் நிறுத்தினார்.

“இங்கதான் ஊசி குத்தியிருக்காங்களா சிஸ்டர்? வலிச்சிருக்குமே அவளுக்கு.”