குடிலருகே ஓர் ஈச்சங்கன்று

நாளைக்கு மாதா கோயில் சுவாமியார், கிறிஸ்மஸுக்கு வகுப்பில் கட்டும் பாலன் குடிலைப் பார்க்க வருகிறார். மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த விமலேஸ்வரி ரீச்சரோ சைவக்காரி. குடிலைக் கண்ணாலும் கண்டதில்லை. பிழை விட்டால் வேலை நிலைக்காதே என்ற பயம் வேறு.

வகுப்பில் ஒரு சிறுமிதான் கைகொடுத்தாள். வைக்கோல் பரப்பி, களிமண் தாயை இருத்தி, பக்கத்தில் ஈச்சங்கன்று ஒன்றையும் நட்டாள்.

"இது என்னத்துக்குப் பிள்ளை?"

"குழந்தை பிறக்கேக்க அந்தத் தாய் பேரீச்ச மரத்தடியிலதானே இருந்தவா, ரீச்சர். பசிக்குப் பழம் விழுந்தது. பேரீச்சைக்கு இங்க எங்க போறது? அதுதான் ஈச்சை வைச்சனான்."

ரீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நல்ல காலம், வகுப்பில சேர்ச்சுக்குப் போற ஒரு வேதக்காரப் பிள்ளையாவது இருக்கு! ஆர் சொல்லித் தந்தது, சுவாமியாரோ?"

"இல்லை ரீச்சர், எங்கட பள்ளிவாசல் லெப்பை, குர்ஆன் ஓதித் தரேக்க," என்றாள் சபூறா.