சீராக வந்த அடுப்பு

"ரெண்டு வோல்ட் போதும். ஆனா முந்நூறு ஆம்பியராவது வேணும்," என்றான் சேகரன்.

வைண்டிங் கடை தொட்டையன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கு ஸ்வாமி?"

"பேட்டரி கட்டறதுக்கு. மருந்தடிக்கிற மெஷின், எலக்ட்ரிக் ஸ்கூட்டர் எல்லாத்துலயும் சின்னச் சின்ன செல்லை அடுக்கி, மேல தகடு ஒட்டணும். ஒரு நொடி கரண்ட் பாய்ஞ்சா பிடிச்சுக்கும்."

ஃபேக்டரி வேலை போய் நாலு மாதம். கையில் தொழில் இருக்கிறது, தகடு ஒட்டும் மெஷின் இல்லை. ரெடிமேட் மெஷினின் விலையைக் கேட்டுவிட்டு வந்த வழியே திரும்பியவன், அக்ரஹாரக் கடைத்தெருவில் ஒரு கடை விடாமல் டிரான்ஸ்ஃபார்மர் கேட்டு அலைந்தாயிற்று.

"பழைய மைக்ரோவேவ் அடுப்பு ஒண்ணு பிடிங்க," என்றார் தொட்டையன். "உள்ள நல்ல டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். மெல்லிசுக் கம்பிச் சுத்தை வெட்டி எறிஞ்சுட்டு, கட்டைவிரல் தடிமனுக்குக் காப்பர் கேபிள் ரெண்டே சுத்து. அஷ்டே, அவ்வளவுதான். நீங்க கேட்டது வந்துடும்."

காயலான் கடைகளில் அடுப்பு சிக்கவில்லை. ஆனால் வீட்டில் ஒன்று இருந்தது.

இருந்தது என்றால் சும்மா இல்லை, கொலுவிருந்தது. மனைவி வடிவின் அண்ணன் உதயகுமார், மஞ்சள் விற்ற கையோடு வாங்கி, தன் ஊர் கௌதள்ளியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்த சீர். நாலு வருஷமாக வடிவு அதைத் தினம் துடைத்தாளே தவிர, பிளக்கைச் சொருகி அவன் பார்த்ததில்லை. கேட்டால், "கரண்ட் பில் எகிறிடுமுங்க" என்பாள். அவன் பக்கத்தில் போனாலோ, "எங்கண்ணன் கொடுத்தது, கையை வைக்காதீங்க."

பிறந்த வீட்டுப் பொருள் என்றால் இந்தப் பெண்களுக்கு இப்படியா ஒரு பைத்தியம் என்று சேகரன் மனசுக்குள் பொருமிக்கொள்வான்.

ஒரு நாள் வடிவு வேலைக்குப் போனதும் அடுப்பின் முதுகைக் கழற்றி டிரான்ஸ்ஃபார்மரை உருவிவிட்டான். கனம் குறைந்தால் துடைக்கும்போது தெரிந்துவிடுமே என்று உள்ளே ரெண்டு செங்கல் வைத்து மூடினான். சொந்த வீட்டில் திருடுவதற்கு இவ்வளவு வேர்க்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

மூன்றாம் நாள் மெஷின் தயார். மிதியை அழுத்தினான். டப். தகடு செல்லோடு பிடித்துக்கொண்டது. குறடு போட்டு இழுத்தும் வரவில்லை. சேகரனுக்கு வாயெல்லாம் பல்.

"டிரான்ஸ்ஃபார்மர் எங்கீங்க கிடைச்சுது?" என்றாள் வடிவு.

"காயலான் கடையில," என்றான் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"நல்லதாப் போச்சு," என்று அடுக்களைக்குப் போய்விட்டாள்.

வேலை வர ஆரம்பித்தது. ஆயுத பூஜையன்று வடிவு மெஷினுக்குப் பொட்டு வைத்து, பூ சாத்தினாள். கையோடு போய் அடுப்புக்கும் வைத்தாள். சேகரன் அன்றைக்கு வழக்கத்தை விட அதிக நேரம் கண்ணை மூடிக் கும்பிட்டான்.

மறுநாள் தசரா ஊர்வலம் பார்க்க உதயகுமார் வந்து இறங்கினார், தூக்கு நிறைய ஒப்பட்டுப் போளியோடு.

"பஸ்ல வந்ததுல ஆறிப் போச்சு புள்ள. நம்ம அடுப்புல ஒரு நிமிஷம் வையி."

"தோசைக்கல்லுல நெய் விட்டுச் சூடு பண்ணித் தரேன் அண்ணா. அதான் ருசியா இருக்கும்."

"அட, அந்த அடுப்பு ஓடி நான் ஒரு நாளும் பார்த்ததில்ல. இன்னைக்குப் பார்த்தே ஆகணும்." அவரே எழுந்து பிளக்கைக் கையில் எடுத்தார்.

சேகரன் பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்தான். இனி மறைத்துப் பிரயோஜனமில்லை.

"மச்சான், சொருகாதீங்க. உள்ள செங்கல்தான் இருக்குது. மெஷின் கட்டறதுக்கு நான்தான் திருட்டுத்தனமாக் கழட்டிட்டேன்."

உதயகுமாரின் முகம் சுருங்கிப் போயிற்று. வடிவு சேகரனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதா? ஜம்முனு ஓடிட்டிருந்த அடுப்பு. எங்கண்ணன் ஆசை ஆசையா வாங்கித் தந்தது. ஒரு வார்த்தை கேட்டீங்களா? இப்ப அவரு முகத்துல எப்படி முழிப்பேன்?"

சேகரன் தலையைத் தொங்கப்போட்டான். அண்ணன் எதிரில் புருஷனை இப்படியா கிழிப்பாள்? ஆனால் அவன் செய்தது திருட்டுத்தானே.

"திட்டாதே புள்ள," என்றார் உதயகுமார். "மாப்ள, அந்த மெஷினைக் கொஞ்சம் காட்டுங்க."

சேகரன் மிதியை அழுத்தினான். டப்.

"இன்னொருக்கா."

டப். மூன்றாவது தடவை அவரே கால் வைத்து அழுத்தினார். அப்புறம் எழுந்திருக்க மனசே வரவில்லை. இருபது செல் ஒட்டிய பிறகுதான் நிமிர்ந்தார்.

"நம்ம அடுப்புக்குள்ள இவ்வளவு சத்து இருந்துச்சா மாப்ள? ஒப்பட்டைச் சூடு பண்ணி இதை வீணாக்கப் பார்த்தேனே. எங்க ஊர்ல பத்துப் பேரோட மருந்தடிக்கிற மெஷின் பேட்டரி போயிக் கெடக்குது. அத்தனையும் உங்ககிட்ட அனுப்பி வைக்கிறேன்."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊர்வலம் பார்க்கக் கிளம்பினார். தெரு முனை வரை கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் தன் அடுப்பின் பெருமையைச் சொல்லிக்கொண்டே போனார்.

சேகரன் மெதுவாக வடிவின் பக்கத்தில் போய் நின்றான். "தப்புதான் வடிவு. அடுத்த வேலைப் பணத்துல உனக்குப் புது அடுப்பு வாங்கித் தந்துடறேன்."

வடிவு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் மருந்துக்கும் இல்லை.

"எனக்கெதுக்குங்க அடுப்பு? அது வந்த அன்னைக்கே சொருகிப் பார்த்தேன், எரியவே இல்லை, உள்ள வேற ஏதோ பழுது. எவனோ அண்ணனை ஏமாத்தி வித்துட்டான். நாலு வருஷம் கழிச்சாவது, தான் கொடுத்தது வேலை செய்யறதை அவரு கண்ணால பார்த்துட்டுப் போறாரே, எனக்கு அது போதும்."